ஹோம் தியேட்டர் ப்ரீஆம்ப்: அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் முறை

ஏ.வி. ரிசீவர் ஒரே பெட்டிக்குள் செய்யும் வேலையை ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் தமக்குள் பிரித்துக்கொள்கின்றன. எந்தச் சாதனத்தைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பதும், டால்பி அல்லது டி.டி.எஸ். எனும் பலதிசை ஒலிக் குறியீட்டை அவிழ்ப்பதும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரிய ஒலியைப் பிரித்து அதன் அளவையும் தாமதத்தையும் சரிசெய்வதும் ப்ரீஆம்பின் பொறுப்பு. ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலைத் தருவது மட்டுமே பவர் ஆம்பின் பொறுப்பு. இப்படிப் பிரிப்பதால் ஒலியின் தரம் கூடுகிறதோ இல்லையோ, இணைப்புகளின் எண்ணிக்கை நிச்சயமாகக் கூடுகிறது. ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள அமைப்பில் ப்ரீஆம்பிலிருந்து வெளியே செல்பவை மட்டும் எட்டுக் கேபிள்கள், பதினாறு முனைகள். ஆகவே கருவிக்குள் பிழை இருப்பதைவிட, கருவிகளுக்கு இடையே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மெனுவுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவதற்கு முன்பும், புதுக் கேபிள் வாங்கக் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்புவதற்கு முன்பும், பிழை ப்ரீஆம்புக்கு முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அதற்கான வசதி ப்ரீஆம்புக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பீக்கர் அளவைச் சரிசெய்யும் மெனுவில் உள்ள சோதனை ஒலி, வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராமலே உள்ளுக்குள் உருவாகி, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றிவரும் இரைச்சல். அது எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டால், ப்ரீஆம்ப் முதல் ஸ்பீக்கர் வரை அனைத்தும் நலம். தொலைக்காட்சி, செயற்கைக்கோள் டிகோடர், எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆகியவற்றின் பக்கம்தான் தேட வேண்டும். அது கேட்கவில்லை என்றால் தொலைக்காட்சியின் அமைப்புகளைத் தொடவே தேவையில்லை.

எந்தக் கேபிளைக் கழற்றுவதற்கு முன்பும் பவர் ஆம்பை அணைத்துவிட வேண்டும். ஆர்.சி.ஏ. பிளக்கின் அமைப்பில், செருகும்போது நடுமுனை முதலில் தொடுகிறது, வெளிவளையம் பிறகுதான் தொடுகிறது. கழற்றும்போது வளையம் முதலில் விடுபடுகிறது. அந்த இடைவெளியில் எழும் பேரொலி, உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் ட்வீட்டரைக் கெடுக்கக்கூடும். இதே காரணத்தால், இயக்கும்போது பவர் ஆம்பைக் கடைசியாகப் போடுவதும், நிறுத்தும்போது அதை முதலில் அணைப்பதும் வழக்கம்.

கருவி உயிர்பெறவில்லை, அல்லது மெயின் சுவிட்ச் விழுகிறது

மலேசியாவின் மூன்று முனை பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. கருவி முற்றிலும் இருண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அடுத்து, கருவி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பின்பக்கத் தகட்டில் படிக்க வேண்டும். இங்கு விற்கப்படும் பழைய ஜப்பானியக் கருவிகளில் 100 வோல்ட்டுக்கு உரியவை உண்டு; நம் வீட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைச் செருகினால், பிழை தேடும் வேலை அத்துடன் முடிந்துவிடும். இரண்டு முனை பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளைக்குள் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ குத்தித் திறக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. தகுந்த அடாப்டர் எந்த மின்சாதனக் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

மெயின் பெட்டியில் சுவிட்ச் விழுந்தால், எது விழுந்தது என்று பார்ப்பது பாதிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். பவர் ஆம்பைப் போட்ட கணத்தில் அந்த வரிசைக்குரிய எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் விழும் சிறு சுவிட்ச்) விழுந்தால், பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் முதல் நொடியில் இழுக்கும் மின்னோட்டமே பெரும்பாலும் காரணம். இரண்டு மூன்று ஆம்புகளை ஒரே கணத்தில் இயக்காமல் இடைவெளி விட்டு இயக்கினால் அது நின்றுவிடும். ஈ.எல்.சி.பி. விழுந்தால் மின்சாரம் எர்த் வழியே கசிகிறது என்று பொருள். அதை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுச் சோதிக்காமல், கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கசிவது எது என்று கண்டுபிடித்து, அதைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட வேண்டும்.

ப்ரீஆம்பின் விளக்கு எரிகிறது, பவர் ஆம்ப் மட்டும் எழவில்லை என்றால், ப்ரீஆம்பைப் போட்டதும் பவர் ஆம்பையும் எழுப்பும் 12 வோல்ட் டிரிகர் கம்பியைப் பாருங்கள். பின்பக்கத்தில் அதற்கு இரண்டு துளைகள் இருந்தால் ஒன்று உள்ளே வருவது, மற்றது வெளியே செல்வது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மாற்றிச் செருகுவது சகஜம்.

படம் வருகிறது, ஒலி இல்லை

சோதனை ஒலியும் எந்த ஸ்பீக்கரிலும் கேட்கவில்லை என்றால், பவர் ஆம்பின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சிறு நழுவு சுவிட்ச்சின் மேல்தான் முதல் சந்தேகம் எழ வேண்டும். மூன்று முனையுள்ள எக்ஸ்.எல்.ஆர்., ஆர்.சி.ஏ. என்ற இரு வகை உள்ளீடுகளும் உள்ள பல ஆம்புகளில், எதை ஏற்பது என்பதை ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக அந்தச் சுவிட்ச் தீர்மானிக்கிறது. அது நகத்தின் அகலம்கூட இருக்காது. அலமாரிக்குள் கையை நீட்டி எக்ஸ்.எல்.ஆர். கேபிளைச் செருகும்போது முழங்கை பட்டு அது நகர்ந்துவிட்டாலும் தெரியாது. அது சரியாக இருந்தால், ப்ரீஆம்பில் ஹெட்ஃபோன் செருகப்பட்டிருக்கிறதா, மியூட் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எளிதானவைதான் என்றாலும், இவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எல்லாம் ஆராய்ந்தவர்கள் உண்டு.

ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் மௌனம் என்றால், அதன் கேபிளையும் ஒலி தரும் பக்கத்து ஸ்பீக்கரின் கேபிளையும் ப்ரீஆம்பின் முனையில் இடம் மாற்றுங்கள். மௌனம் பக்கத்து ஸ்பீக்கருக்கு நகர்ந்தால் பிழை ப்ரீஆம்பின் அந்த வெளியீட்டில் இருக்கிறது. நகராமல் அதே ஸ்பீக்கரில் நின்றால், கேபிளிலோ பவர் ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. அதே இடமாற்றத்தை அடுத்த இணைப்பில், அதாவது பவர் ஆம்பின் உள்ளீட்டில் செய்து மேலும் நெருங்கலாம்.

சோதனை ஒலி நன்றாகக் கேட்டு, படத்தின் ஒலி மட்டும் வரவில்லை என்றால், ப்ரீஆம்பின் எச்.டி.எம்.ஐ. அமைப்பில் ஒலி தொலைக்காட்சிக்கு அனுப்பப்படும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சிக்குள் உள்ள செயலிகளின் ஒலி மட்டும் வரவில்லை என்றால், அது ஏ.ஆர்.சி. பிரச்சினை, அதாவது தொலைக்காட்சியின் ஒலியை அதே எச்.டி.எம்.ஐ. கேபிளில் ப்ரீஆம்புக்குத் திருப்பி அனுப்பும் வசதியின் பிரச்சினை. தொலைக்காட்சியின் எல்லா எச்.டி.எம்.ஐ. துளைகளும் ஏ.ஆர்.சி. தருவதில்லை, பெரும்பாலும் ஒன்றுதான் தரும், அதன் அருகிலேயே அச்சிட்டிருக்கும். ப்ரீஆம்பிலும் உள்ளீட்டுத் துளையில் அல்ல, தொலைக்காட்சிக்குச் செல்லும் வெளியீட்டுத் துளையில்தான் அது இயங்கும். பெரும்பாலான கருவிகளில், எச்.டி.எம்.ஐ. வழியே ஒரு கருவி மற்றதை இயக்கும் சி.இ.சி. கட்டுப்பாடு இயங்கினால்தான் ஏ.ஆர்.சி. விழிக்கும். அதை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறது: சாம்சுங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அமைப்பை மாற்றிய பிறகு இரண்டு கருவிகளின் பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து, தொலைக்காட்சியை முதலில் போட்டுப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்துப் போடுவது போதாது, அப்போது எச்.டி.எம்.ஐ. பகுதி உறங்குவதே தவிர, பழைய நிலையை மறப்பதில்லை.

ஒலி வருகிறது, ஆனால் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கரில் மட்டும்

தீபாவளிக்குப் புதுத் தொலைக்காட்சி வாங்கிப் பழைய ப்ரீஆம்புடன் இணைத்த வீடுகளில் அதிகம் காணப்படும் அறிகுறி இது. தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு, குறியீட்டைத் தானே அவிழ்த்து அனுப்பும் பி.சி.எம். என்ற நிலையில் இருந்தால், ஏ.ஆர்.சி. வழியே இரண்டு சேனல்கள் மட்டுமே செல்லும். அதை, குறியீட்டை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்-த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீம் நிலைக்கு மாற்ற வேண்டும்.

அப்படியும், மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் வரவில்லை என்றால், எந்தச் சாதனத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஸ்ட்ரீமிங் சேவைகள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் குறியீட்டில் அனுப்புகின்றன. அதைச் சாதாரண ஏ.ஆர்.சி. தாங்கும். புளூ-ரே வட்டில் உள்ள அட்மாஸ் பெரும்பாலும் டால்பி ட்ரூஎச்.டி. குறியீட்டில் வருகிறது, அதற்கு, எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் அறிமுகமான, ஏ.ஆர்.சி.யின் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. வேண்டும். பிளேயரைத் தொலைக்காட்சியில் செருகாமல் நேரே ப்ரீஆம்பில் செருகிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது, ஆகையால் என் பரிந்துரை எப்போதும் அதுதான். மூல நிகழ்ச்சியே ஸ்டீரியோவாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் ஒலிப்பது பிழை அன்று. பழைய தமிழ்ப் படங்களை ஐந்து ஸ்பீக்கரில் கேட்க விரும்புபவர் ப்ரீஆம்பில் டால்பி சரவுண்ட் அல்லது நியூரல்:எக்ஸ் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

படம் விட்டு விட்டுக் கறுக்கிறது, அல்லது பொட்டுப் பொட்டாய் மின்னுகிறது

பொட்டுகள் மின்னினால் கேபிள் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. நொடிக்கு 60 சட்டகம் ஓடும் 4கே படத்துக்கு நொடிக்கு 18 கிகாபிட் வரையிலும், எச்.டி.எம்.ஐ. 2.1 இன் உச்சத்துக்கு 48 கிகாபிட் வரையிலும் கேபிள் தாங்க வேண்டும். நீளம் கூடக் கூடச் சாதாரணச் செம்புக் கேபிளால் அது இயலாது. புரொஜெக்டருக்காகக் கூரைக்குள் நீண்ட கேபிள் இழுப்பவர்கள் ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிளை நாடுகிறார்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு முனை சாதனத்துக்கும் மறுமுனை திரைக்கும் உரியது. தலைகீழாக இழுத்தால் படமே வராது. பூச்சுவேலை முடித்துச் சாயமும் அடித்த பிறகு இது தெரியவந்தால் வீட்டில் சண்டை நிச்சயம். ஆகையால் கூரையேற்றுவதற்கு முன் தரையில் விரித்து வைத்து ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

பொட்டுகள் இல்லாமல் முழுத்திரையும் கறுத்து மீண்டால், அது எச்.டி.சி.பி. எனும் பிரதிக்காப்பு ஒப்பந்தம் முறிந்து மீண்டும் கைகுலுக்குவது. 4கே நிகழ்ச்சிகளுக்கு எச்.டி.சி.பி. 2.2 தேவை; சாதனம், ப்ரீஆம்ப், திரை ஆகிய மூன்றும் அதை ஏற்க வேண்டும், ஒன்று ஏற்காவிட்டாலும் படம் நின்றுவிடும் அல்லது தரம் குறைந்துவிடும். பழைய ப்ரீஆம்பைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு, படத்தை நேரே தொலைக்காட்சிக்கு அனுப்பி, ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி. வழியே கொண்டுவருவது சிக்கனமான வழி.

இடைவிடாத 'ஊம்' ஓசை

இதுதான் அதிகப் பணத்தைத் தின்னும் அறிகுறி. விலையுயர்ந்த கேபிள்கள் இதன் பெயரால்தான் விற்கப்படுகின்றன. ஆனால் பெரும்பாலும் இது கேபிளின் தரத்தால் வருவதன்று. இரண்டு கருவிகள் எர்த்துடன் இரண்டு வெவ்வேறு இடங்களில் இணைந்திருந்து, அவற்றை ஓர் ஒலிக் கேபிளும் இணைக்கும்போது ஒரு வளையம் உருவாகிறது. இரு எர்த்துகளுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு அந்தக் கேபிளின் வெளியுறை வழியே ஓடி, ஒலியாகக் கேட்கிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஆழமான ஊம். 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்தால் சற்றே கரகரப்பான ரீங்காரம்.

தேடும் முறை இதுதான். பவர் ஆம்பை அணைத்து, அதன் உள்ளீடுகள் அனைத்தையும் கழற்றி, மீண்டும் போட்டுக் கேளுங்கள். அப்போதும் ஊம் கேட்டால் பிழை ஆம்புக்குள். கேட்கவில்லை என்றால் ஆம்பை அணைத்துவிட்டு ப்ரீஆம்பை மட்டும் இணையுங்கள். ப்ரீஆம்பில் வேறு எந்தக் கேபிளும் இருக்கக் கூடாது. பிறகு எச்.டி.எம்.ஐ., டிகோடர், கணினி, சப்வூஃபர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் ஊம் எழுகிறதோ அதுவே வாசல்.

கோலாலம்பூரின் அடுக்குமாடிகளில் அந்த வாசல் பெரும்பாலும் சுவரிலிருந்து வரும் கோஆக்ஸியல் கேபிளாகவே இருக்கும். மாடியில் உள்ள பொதுச் செயற்கைக்கோள் தட்டிலிருந்து கட்டடம் முழுவதற்கும் பிரிக்கப்படும் அந்தக் கேபிளின் உறை, கட்டடத்தின் எர்த்துடன் எங்கோ இணைந்திருக்கிறது. உங்கள் பவர் ஆம்ப் வீட்டுச் சாக்கெட்டின் எர்த்துடன் இணைந்திருக்கிறது. ஆஸ்ட்ரோ டிகோடரின் பின்னால் உள்ள திருகு முனையைக் கழற்றி, கேபிளின் உறை உலோகத்தில் படாமல் விலக்கிப் பிடித்தால், ஊம் அந்தக் கணமே அறுந்துபோகும்; மறுபடி தொட்டால் திரும்பி வரும். இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இதற்குத் தீர்வாகச் சாதாரண ஆண்டெனா ஐசோலேட்டரை வாங்கி மாட்டினால் ஊம் நிற்கும், கூடவே படமும் நிற்கும். ஏனெனில் டிகோடர் அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட்டைத் தட்டின் பக்கத்துக்கு அனுப்புகிறது, ஐசோலேட்டர் அதை வெட்டிவிடுகிறது. டிகோடரின் ஒலியை ஒளியிழை ஆப்டிகல் கேபிளில் கொண்டுவந்தால் வளையம் அறும், ஆனால் அப்போது டிகோடரிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. கேபிள் ப்ரீஆம்பைத் தொடக் கூடாது. தொலைக்காட்சியிலிருந்து ப்ரீஆம்புக்கு வருவதும் ஆப்டிகலாக இருக்க வேண்டும். அட்மாஸ் அதில் வராது என்பது அதன் விலை. ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள் இதற்கு உதவும் என்று நம்ப வேண்டாம்; அவற்றில் பலவற்றுள் சிறு செம்புக் கம்பிகளும் கூடவே ஓடுகின்றன. ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் இடையே எக்ஸ்.எல்.ஆர். வசதி இருந்தால் அதற்கு மாறுவதே என் கணக்கில் முதல் சிகிச்சை. வளையம் அப்படியே இருந்தாலும், இரு எதிர்முனைச் சமிக்ஞைகளுக்கும் பொதுவாக நுழையும் இரைச்சலை ஆம்ப் கழித்துவிடுகிறது.

சப்வூஃபர்தான் வாசல் என்றால் காரணம் எளிது. அது அறையின் மறுமூலையில் வேறு சாக்கெட்டில் இருக்கிறது. எர்த் உள்ள ஒரு எக்ஸ்டென்ஷனை இழுத்து, மற்றக் கருவிகள் இருக்கும் அதே சாக்கெட்டிலிருந்து அதற்கும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

பிளக்கின் எர்த் முனையை வெட்டினால் ஊம் நிற்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கும்தான். அதன் பிறகு கருவிக்குள் ஒரு கம்பி அறுந்து உடலைத் தொட்டால், உலோகப் பெட்டி முழுவதும் 240 வோல்ட்டில் நிற்கும். அதைத் தொடும் கைதான் எர்த்துக்கு வழியாகும். எந்த நிலையிலும் அதைச் செய்யாதீர்கள்.

விட்டு விட்டுக் கரகரப்பு

நம் ஊர் ஈரப்பதத்தில் முலாம் தரம் குறைந்த ஆர்.சி.ஏ. முனைகள் மங்கிக் கறுக்கின்றன. பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி போன்ற கடலோரக் குடியிருப்புகளில் உப்புக் காற்று அதை விரைவுபடுத்துகிறது. பிளக்கைச் சற்றே சுழற்றியதும் கரகரப்பு மறைந்தால் அதுவே காரணம். கருவிகளை அணைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்தால் போதும்.

சுழற்றியும் மாறவில்லை என்றால், காற்றுத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இளஞ்சூடு தேடி வரும் பல்லி, மின்பலகையின் மேல் இரண்டு முனைகளை இணைத்தபடி காய்ந்து கிடப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். மூடியைத் திறந்து அதை நீங்களே எடுக்க முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் ஆம்பின் கெப்பாசிட்டர்கள் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பேஸ் காணவில்லை, அல்லது அதிர்வு மட்டுமே மிச்சம்

சப்வூஃபரின் பின்னால், அது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலிக்க வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் வைக்க வேண்டும், அந்தப் பிரிப்பை விலக்கும் எல்.எஃப்.இ. என்ற நிலை இருந்தால் அதில் வைக்க வேண்டும். பிரிக்கும் வேலையை ப்ரீஆம்ப் செய்கிறது. 80 ஹெர்ட்ஸ் என்பது நல்ல தொடக்கப் புள்ளி. இரண்டும் பிரித்தால் நடுவில் பள்ளம் விழும். ப்ரீஆம்ப் மைக்கைக் கொண்டு செய்யும் அறை அளவீட்டுக்குப் பிறகு சப்வூஃபரின் அளவு மெனுவில் மைனஸ் 12 டெசிபெல் என்று அடிமட்டத்தில் நின்றால், சப்வூஃபரின் சொந்தக் குமிழ் மிக அதிகம். அதைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். அளவீடு காட்டும் சப்வூஃபர் தொலைவு, நீங்கள் டேப்பால் அளந்ததைவிட அதிகமாக இருந்தால் திருத்த வேண்டாம். சப்வூஃபரின் உள்மின்சுற்று ஏற்படுத்தும் தாமதத்தையும் அது சேர்த்துக் காட்டுகிறது.

அளக்கும்போது மின்விசிறியையும் ஏர்கோனையும் அணைக்க வேண்டும். அந்தச் சில நிமிடப் புழுக்கத்தைத் தாங்க மறுத்து, விசிறியின் ஓசையையும் சேர்த்து அளந்துவிட்டு, பேஸ் சரியில்லை என்று கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை.

அளவீடு சரியாக இருந்தும் உங்கள் இருக்கையில் மட்டும் பேஸ் மெலிந்திருந்தால், அது அறையின் வேலை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர், தெரஸ் வீட்டின் நீண்ட வரவேற்பறையில் சுவரில் மோதித் திரும்பும் அலை, சில இடங்களில் நேர் அலையை அழித்துவிடுகிறது. சப்வூஃபரைத் தூக்கி உங்கள் நாற்காலியில் வைத்து, பேஸ் மிகுந்த ஒரு பாடலை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபரை வைக்க வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதைத் தவிர இதில் செலவு எதுவும் இல்லை.

உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்

ஒலி பின்தங்கினால், ப்ரீஆம்பில் ஆடியோ டிலே பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலி முந்தினால் அதைக் கூட்டுங்கள். திரைப்படத்தின் ஒரு சட்டகம் சுமார் 42 மில்லிசெகண்ட் என்பதால், 10 மில்லிசெகண்ட் படிகளில் மாற்றினால் போதும். தொலைக்காட்சியில் கேம் மோடு போட்டதும் பொருத்தம் மாறினால், படத்தை மெருகேற்றும் பகுதிதான் தாமதத்துக்குக் காரணம் என்பது உறுதி.

இடிமழைக்குப் பிறகு ஒரு துளை மட்டும் செத்துவிட்டது

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. கருவியின் விளக்கு எரிகிறது, வானொலியும் புளூடூத்தும் ஒலிக்கின்றன, எச்.டி.எம்.ஐ. மட்டும் எதையும் ஏற்கவில்லை என்றால், மின்னல் தட்டின் கேபிள் வழியாகவோ இணையக் கேபிள் வழியாகவோ நுழைந்து எச்.டி.எம்.ஐ. பலகையைத் தாக்கியிருக்கக்கூடும். சர்ஜ் தடுப்பான் உள்ள எக்ஸ்டென்ஷன் மின்கம்பி வழியாக வருவதைத்தான் குறைக்கும். பக்கவாட்டில் வருவதை அது பார்ப்பதே இல்லை. வானம் இருண்டதும் பிளக்கோடு சேர்த்துக் கோஆக்ஸியலையும் பிடுங்குபவர்களின் கருவிகள்தான் நீடிக்கின்றன.

பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டையும் வேறு கேபிளோடும் வேறு சாதனத்தோடும் சோதித்து, ஆப்டிகலும் அனலாக் உள்ளீடும் வேலை செய்கின்றனவா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கருவியோடு ஒட்டிக் கொடுங்கள். அனலாக் ஒலிக்கிறது, எச்.டி.எம்.ஐ. எதுவுமே இல்லை என்று எழுதியிருந்தால், பழுதுபார்ப்பவர் நேரே அந்தப் பலகையைத் திறப்பார். பலகை கிடைக்காத பழைய மாதிரியாக இருந்தால், படத்தை நேரே தொலைக்காட்சிக்கும் ஒலியை ஆப்டிகல் வழியே ப்ரீஆம்புக்கும் அனுப்பி, 5.1 அளவில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.